இணைய ஏலத்தில் செட்டிநாட்டுப் பழம்பொருள் வாங்குவோருக்கு: நேர்மையற்ற விற்பனையாளரிடம் சிக்காதிருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடை ஒன்றில் பித்தளைக் குத்துவிளக்கு வாங்குபவர், அதைக் கையில் தூக்கிக் கனம் பார்ப்பார், அடியைத் திருப்பிப் பார்ப்பார், விரலால் சுண்டி ஓசை கேட்பார், மனத்துக்கு ஒவ்வாவிட்டால் அடுத்த கடைக்கு நடந்துவிடுவார். அதே விளக்கு இணைய ஏலத்தில் வரும்போது இவற்றுள் ஒன்றும் இயலாது. நான்கு படங்களும் ஆறு வரி விவரமும் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரமும்தான் வாங்குபவர் முன் இருக்கின்றன.

கானாடுகாத்தான், தேவகோட்டை, பள்ளத்தூர், கொத்தமங்கலம் என்று சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களாகப் பரந்திருக்கும் செட்டிநாட்டில், பங்காளிகள் பல ஊர்களிலும் நாடுகளிலும் வாழ்வதாலும் பராமரிப்புச் செலவு கட்டுப்படியாகாததாலும் பெரிய வீடுகள் பல பிரிக்கப்பட்டு, அவற்றின் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் பாத்திரங்களும் படங்களும் விற்பனைக்கு வந்தவண்ணம் இருக்கின்றன. இதனால் ‘செட்டிநாடு’ என்ற பெயருக்கே தனி விலை உண்டாகியிருக்கிறது. அப்பெயரைச் சென்ற மாதம் செய்த பொருளின்மீதும் ஒட்டி விற்பவர்கள் உண்டாகியிருக்கிறார்கள். ஏமாற்றத்தைத் தடுக்கும் வேலையில் பெரும்பகுதி, ஏலத்தில் முதல் தொகையைக் கேட்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பணம் போன பிறகு கிடைக்கும் பரிகாரங்கள் உண்மையானவைதாம் என்றாலும் அவை மெதுவாகவே நகரும்.

முதற்படி: எவ்வகை ஏலம் என்பதை அறிதல்

இணையத்தில் ‘ஏலம்’ என்ற பெயரில் நடப்பவை மூன்று வகைப்படும். ஒவ்வொன்றிலும் வாங்குபவருக்கு உள்ள பாதுகாப்பு வேறு.

முதல் வகை, ஈபே போன்ற பெரிய சந்தைத் தளம். இங்கே விற்பவர் யாரோ ஒருவர். தளம் நடுவில் நிற்கிறது. பொருள் வந்து சேரவில்லை என்றாலோ விவரித்தபடி இல்லை என்றாலோ பணத்தைத் திரும்பப் பெறும் திட்டம் ஈபேயில் உண்டு. பொருள் கிடைத்த நாளிலிருந்து, அல்லது கிடைத்திருக்க வேண்டிய கடைசி நாளிலிருந்து, பொதுவாக 30 நாட்களுக்குள் முறையிட வேண்டும். ஈபேயின் இந்தியச் சந்தைத் தளம் 2018 ஆகஸ்டிலேயே மூடப்பட்டுவிட்டது. எனவே இன்று இங்கிருந்து ஈபேயில் கேட்பவர் வெளிநாட்டுத் தளத்தில்தான் கேட்கிறார் என்பதையும், அஞ்சல் செலவும் சுங்கத் தீர்வையும் தம் கணக்கில் சேரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ‘ஈபே இந்தியா ஏலம்’ என்று சொல்லி ஒரு தனியார் கைப்பேசி எண்ணுக்கு ரூபாய் அனுப்பச் சொல்பவரை அந்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

இரண்டாம் வகை, பதிவுபெற்ற ஏல நிறுவனங்கள் இணையவழியாக நடத்தும் ஏலம். இவற்றில் பட்டியல் நூல் இருக்கும், விற்பனை நிபந்தனைகள் எழுத்தில் இருக்கும், பொருளின் நிலை குறித்த அறிக்கையைக் கேட்டுப் பெறலாம், பல சமயம் நேரில் பார்வையிடவும் நாள் ஒதுக்குவார்கள். ஏலத்தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டணமும் அதன்மீது ஜிஎஸ்டியும் சேரும். இக்கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், நிபந்தனைப் பக்கத்தை முழுவதும் படிக்காமல் தொகை கேட்கக்கூடாது.

மூன்றாம் வகை, வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களில் நடக்கும் ஏலம். அட்மின் ஒரு படத்தைப் போடுவார், உறுப்பினர்கள் தொகை எழுதுவார்கள், இரவு ஒன்பது மணிக்கு முடிந்தது என்று அறிவிப்பார். நேர்மையான குழுக்கள் இருக்கின்றன. நல்ல பொருள் நியாயமான விலைக்குக் கிடைப்பதும் உண்டு. ஆனால் அட்மினும் விற்பவரும் விலையை ஏற்றிவிடும் ‘போட்டியாளரும்’ ஒரே ஆளாக இருந்தாலும் கண்டுபிடிக்க அங்கே வழியில்லை. ஆகவே இத்தகைய குழுவில் வாங்குவதானால், நேரில் சென்று பார்த்துப் பணம் கொடுக்கக்கூடிய பொருளுக்கு மட்டும் கேட்பது நல்லது.

இரண்டாம் படி: விற்பவரை ஆராய்தல்

நட்சத்திரங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து நம்புவது மிகப் பரவலான தவறு. நூறு பாராட்டுகளைத் தள்ளிவிட்டு, குறை சொன்னவர்கள் எழுதியதை முதலில் படியுங்கள். குறைகள் ஒரே தன்மையுடையவையா என்று பாருங்கள்: ‘படத்தில் இருந்தது வேறு, வந்தது வேறு’ என்று மூன்று பேர் வெவ்வேறு மாதங்களில் எழுதியிருந்தால் அது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை. குறைக்கு விற்பவர் எழுதிய பதிலின் தொனியையும் கவனியுங்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்ததாகச் சொல்பவரும், வாங்கியவரையே திட்டுபவரும் ஒரே மதிப்பெண்ணுடன் இருக்கக்கூடும்.

அடுத்து, அந்தப் பாராட்டுகள் எதற்காக வந்தவை என்று பார்க்க வேண்டும். ஐம்பது ரூபாய் அஞ்சல்தலைகளையும் சில்லறைப் பொருட்களையும் விற்றுப் பெயர் சேர்த்துக்கொண்டு, திடீரென்று இரண்டு லட்ச ரூபாய்த் தேக்குக் கதவை ஏலத்தில் வைப்பவர் மீது ஐயம் கொள்வது முறை. விற்பவராகப் பெற்ற மதிப்பீட்டையும் வாங்குபவராகப் பெற்ற மதிப்பீட்டையும் பிரித்துப் பாருங்கள். சில ஆண்டுகள் அசையாமல் கிடந்த கணக்கு ஒன்று ஒரே வாரத்தில் விலையுயர்ந்த பொருட்களைக் குவித்தால், அந்தக் கணக்கு உரியவரிடமிருந்து திருடப்பட்டதாக இருக்கலாம்.

வணிகராகத் தம்மைச் சொல்லிக்கொள்பவரிடம் ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். அது 15 இலக்கம் கொண்டது. தமிழ்நாட்டில் பதிவு செய்தவருக்கு 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணை இட்டால் பதிவுபெற்ற பெயரும் பதிவு நடப்பில் உள்ளதா என்பதும் கட்டணமின்றித் தெரியும். இந்தியாவில் இயங்கும் சந்தைத் தளங்கள் விற்பவரின் பெயர், முகவரி, தொடர்பு விவரம் ஆகியவற்றை வாங்குபவருக்குக் காட்ட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. அவ்விவரம் இல்லாத இடத்தில் பெரிய தொகைக்குக் கேட்காதீர்கள். தம் வீட்டுப் பொருளை எப்போதாவது ஒருமுறை விற்கும் தனிமனிதருக்கு இவ்விதிகள் பொருந்தா என்பதால், அத்தகையவரிடம் வாங்கும்போது இன்னும் கவனம் வேண்டும்.

செட்டிநாட்டுப் பொருள் வாங்குவோருக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது: பொருள் காரைக்குடியில் அல்லது பள்ளத்தூரில் இருப்பதாகச் சொன்னால், அங்கே போய்ப் பார்த்துவிடலாம். வாங்குபவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருந்தாலும், ஊரில் ஒரு சித்தப்பாவோ நண்பரோ இருப்பார். ‘ஏலம் முடியும் முன் எங்கள் சித்தப்பா வந்து பார்க்கலாமா?’ என்று கேளுங்கள். நேர்மையான விற்பனையாளர் நேரம் குறித்துக் கொடுப்பார். பொருள் கிடங்கில் இருக்கிறது, சாவி வேறொருவரிடம் இருக்கிறது, ஏலம் முடிந்த பிறகு வரச் சொல்லுங்கள் என்று நாள் கடத்துபவர், அந்தப் பொருளைத் தம் வசம் வைத்திராதவராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

வீடு பிரிக்கும் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘ஆச்சி காலமாகிவிட்டார், வீட்டைப் பிரிக்கிறோம், வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும், அதனால்தான் இந்த விலை’ என்று ஒருவர் எழுதினால், அது நம்பக்கூடியதாகவே தோன்றும். ஏனெனில் வீடுகள் உண்மையிலேயே பிரிக்கப்படுகின்றன. ஆனால் செட்டிநாட்டு வீடு பெரும்பாலும் பல பங்காளிகளுக்குப் பொதுவானது. எந்த ஊர், எந்த வீடு, மற்றப் பங்காளிகள் சம்மதித்தார்களா, விற்பவர் குடும்பத்தவரா அல்லது பிரித்த சாமானை மொத்தமாக எடுத்த வியாபாரியா என்று எழுத்தில் கேளுங்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டிலிருந்து திருடப்பட்ட பொருள் என்று பின்னால் தெரிந்தால் பணமும் போகும், பொருளும் போகும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 317ஆம் பிரிவின்கீழ் குற்றம்.

எல்லாக் கேள்விகளையும் தளத்தின் உள்ளேயே உள்ள செய்திப் பெட்டி வழியாகக் கேளுங்கள். விற்பவர் ‘வாட்ஸ்அப்பில் பேசலாம், தளத்துக்கு வெளியே முடித்தால் கமிஷன் மிச்சம், விலையைக் குறைத்துத் தருகிறேன்’ என்பாரானால், அந்தத் தள்ளுபடிக்கு ஈடாக உங்கள் பாதுகாப்பு முழுவதையும் அவர் வாங்கிக்கொள்கிறார் என்று பொருள். வெளியே முடித்த வியாபாரத்துக்குத் தளம் பொறுப்பேற்காது.

மூன்றாம் படி: படத்தையும் விவரத்தையும் சோதித்தல்

ஏலப் பக்கத்திலுள்ள ஒவ்வொரு படத்தையும் கூகுள் லென்ஸில் இட்டுத் தேடுங்கள். அதே படம் வேறொரு கடையின் பழைய விளம்பரத்திலோ அருங்காட்சியகத் தளத்திலோ இருந்தால் மேலே எதுவும் ஆராயத் தேவையில்லை. படங்கள் விற்பவருடையவையே என்றால், நான்கு படங்களிலும் தரையும் வெளிச்சமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். கணினி உருவாக்கிய படங்களும் இப்போது வருகின்றன: கோலமிட்ட செதுக்கு வேலையில் கோடு நடுவில் அறுந்துபோவதும், முத்திரை எழுத்துகள் எந்த மொழியிலும் சேராமல் சிதைந்திருப்பதும் அவற்றின் அடையாளங்கள்.

புதிய படம் ஒன்று கேட்பது எல்லாச் சோதனைகளிலும் சிறந்தது. ஒரு தாளில் ஏல எண்ணையும் அன்றைய தேதியையும் எழுதி, அதைப் பொருளின் பக்கத்தில் வைத்து, அடிப்புறமும் உட்புறமும் தெரிய எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கூடவே அளவுநாடாவை வைத்து ஒரு படமும், உலோகப் பொருளானால் தராசில் வைத்து ஒரு படமும் கேளுங்கள். நான்கு அடி உயரம் என்று நினைத்து நான்கு அங்குல நினைவுப் பொருளை வாங்கியவர்கள் உண்டு. பொருளைக் கையில் வைத்திருப்பவருக்கு இது பத்து நிமிட வேலை. இதற்கு மறுப்பவரிடம் ஏலம் கேட்காமல் விலகிவிடுங்கள்.

விவரத்தில் எது எழுதப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ‘பழமைத் தோற்றம்’, ‘செட்டிநாட்டுப் பாணி’, ‘ரவிவர்மா மரபு’ என்ற சொற்கள் பொருளின் வயதைப் பற்றி எந்த உறுதியும் தரவில்லை. ‘உள்ளது உள்ளபடி, திரும்பப் பெற இயலாது’ என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தால், அதைப் பெரிய எழுத்தில் இருந்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: பொருள்வாரியான சோதனைகள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். விற்பவர் சொல்லும் வயதையும் ஊரையும் பொருளே பொய்யாக்கும் இடங்கள் பல உள்ளன.

இனாமல் பாத்திரங்களை எடுத்துக்கொள்வோம். ஸ்வீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் ஆகிய நாடுகளிலிருந்து வந்த தூக்குகளும் அடுக்குச் சட்டிகளும் செட்டிநாட்டு வீடுகளில் சீர்ச் சாமானாக நிறைந்திருந்தன; இன்று ஏலங்களில் அதிகம் வருபவையும் இவையே. இனாமல் என்பது இரும்புத் தகட்டின்மேல் உருக்கிய கண்ணாடிப் பூச்சு. ஆகவே காந்தம் ஒட்ட வேண்டும். விளிம்பில் சில்லு பெயர்ந்த இடத்தில் கருத்த இரும்பு தெரிய வேண்டும். விற்பவரைக் காணொளியில் காந்தம் வைத்துக் காட்டச் சொல்லலாம். அடிமுத்திரையிலுள்ள நாட்டின் பெயரே காலத்தைச் சொல்லும். செக்கோஸ்லோவாக்கியா 1918இல் தோன்றி 1992 முடிவோடு மறைந்த நாடு. அந்தப் பெயர் பொறித்த சட்டியை ‘1900ஆம் ஆண்டுப் பொருள்’ என்று விற்பவர் அறியாமையால் சொல்கிறாரோ அறிந்தே சொல்கிறாரோ, சொல்வது தவறு. ‘மேற்கு ஜெர்மனி’ என்றிருந்தால் அது 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. முத்திரை மட்டும் புத்தம் புதிதாகவும் சுற்றியுள்ள பூச்சு மங்கியும் இருந்தால் பின்னால் ஒட்டியதோ அச்சிட்டதோ என்று ஐயுறுங்கள்.

பித்தளை, செம்பு, வெள்ளிப் பாத்திரங்களில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பங்கள் தம் விலாசத்தின், அதாவது குடும்பப் பெயரடையாளத்தின், முதலெழுத்துகளை வெட்டிவைக்கும் வழக்கம் உண்டு. வாங்குபவருக்கு இது பெரிய துணை. பாத்திரத்தோடு சேர்ந்து தேய்ந்த எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும்; அதன் பள்ளத்தில் களிம்பும் பழைய புளித்தேய்ப்பின் எச்சமும் படிந்திருக்கும். அண்மையில் வெட்டிய எழுத்தின் ஓரம் கூராக இருக்கும், உள்ளே உலோகம் பளிச்சென்று தெரியும். எழுத்துகளை நெருக்கத்தில் எடுத்த படம் கேளுங்கள். அந்த விலாசம் எந்த ஊர்க் குடும்பத்துடையது என்று விற்பவரிடமே கேளுங்கள். ஒரே வீட்டுச் சாமான் என்று சொல்லிப் பத்துப் பாத்திரங்களில் பத்து விலாசங்கள் இருந்தால், மணம் வழி வந்தவை என்ற விளக்கம் ஓரளவுக்குத்தான் செல்லும். விலாசத்தைப் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றுபவரிடமும் கவனமாக இருங்கள்.

தேக்குத் தூண், கதவு, பெட்டகம் போன்றவற்றுக்கு முன்பக்கப் படம் பயன்படாது. தூணின் மேல்முனை, அடிமுனை, கதவின் பின்பக்கம், கீல் பதிந்த இடம் ஆகியவற்றின் படங்களைக் கேளுங்கள். கையுளியால் இழைத்த மரத்தின் பின்புறத்தில் ஒழுங்கற்ற வெட்டுத்தடங்கள் இருக்கும்; இயந்திர வாளின் சீரான வளைகோடுகள் இருந்தால் அது பிற்காலத்ததாக இருக்கலாம். பழைய ஆணியைச் சுற்றி மரத்தில் துருக்கறை ஊறியிருக்கும். கூட்டல் குறித் தலை கொண்ட திருகாணி 1930களில்தான் வந்தது. அது இருப்பதாலேயே பொருள் போலியாகிவிடாது, பழுதுபார்க்கும்போது மாற்றியிருக்கலாம், ஆனால் எல்லா இணைப்பிலும் அதுவே இருந்தால் நூற்றாண்டுக் கதை நிற்காது. புது மரத்துக்குச் சாயம் ஏற்றிப் பழசாக்கும்போது, கை படாத மூலைகளும் கை பட்டுத் தேயும் இடங்களும் ஒரே நிறத்தில் இருக்கும். பர்மாத் தேக்கா உள்ளூர் மரமா என்பதைப் படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல இயலாது. அந்தப் பெயருக்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பதானால், மரத்தை அறிந்த தச்சர் ஒருவரை அழைத்துச் சென்று நேரில் பார்த்த பிறகே கொடுங்கள்.

ஆத்தங்குடிக் கல் எனப்படும் தரை ஓடு சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடிப் பலகையின்மேல் வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றி, நீரில் ஊறவைத்து எடுப்பது. இன்றும் அதே முறையில் ஆத்தங்குடியில் செய்யப்படுவதால், புதிய கல்லைப் ‘பழைய வீட்டிலிருந்து பெயர்த்தது’ என்று சொல்வது எளிது. பெயர்த்த கல்லின் அடியில் பழைய சாந்து ஒட்டியிருக்கும், மேற்பரப்பில் நடந்து தேய்ந்த தடம் இருக்கும். பெயர்க்கும்போது பல கற்கள் உடையும் என்பதால், முழுக்கல் எத்தனை, மூளியானது எத்தனை என்று எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். சுவரில் பதித்த ஜப்பானியப் பளபளப்பு ஓடுகளுக்கோ பின்புறத்துத் தயாரிப்பு முத்திரையைப் பார்ப்பது போதும்.

ரவிவர்மா படங்களில் ஏமாறுபவர்கள் மிகுதி. 1894இல் பம்பாயில் தொடங்கி, பின் லோனாவாலாவுக்கு அருகே மாறிய ரவிவர்மா அச்சகம், 1906இல் ஓவியர் ரவிவர்மா மறைந்த பிறகும் பல பத்தாண்டுகள் அச்சிட்டுக்கொண்டிருந்தது. ஆகவே உண்மையான அச்சகப் படம்கூட அவர் காலத்ததாக இருக்க வேண்டியதில்லை. புதிய நகலைக் கண்டுபிடிக்க உருப்பெருக்கிக் கண்ணாடி போதும்: அந்த அச்சகம் பயன்படுத்திய கல்லச்சில் (லித்தோகிராஃப்) புள்ளிகள் ஒழுங்கற்றுச் சிதறியிருக்கும், வண்ணங்கள் தனித்தனி அடுக்காகத் தெரியும், இக்கால ஆஃப்செட் அச்சில் நான்கு வண்ணப் புள்ளிகள் சிறு பூவடிவில் ஒரே சீராக அணிவகுத்திருக்கும். கைப்பேசிக் கேமராவை மிக அருகில் வைத்து முகத்தையும் கையையும் படமெடுத்து அனுப்பச் சொன்னால் இவ்வேறுபாடு தெரிந்துவிடும். சட்டத்தின் பின்பலகை பழையது என்பதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். பழைய சட்டத்துக்குள் புதிய தாளைச் செருகுவது எளிய வேலை.

நாணயங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘கிழக்கிந்தியக் கம்பெனி 1818’ என்று பொறித்து இராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ உள்ள காசுகள் கம்பெனி வெளியிட்ட நாணயங்கள் அல்ல. பிற்காலத்தில் செய்த வில்லைகள். பழைய நாணயத்தையும் நோட்டையும் வாங்கவோ விற்கவோ ரிசர்வ் வங்கி யாரையும் நியமிக்கவில்லை, கட்டணமும் கேட்பதில்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. அரிசியை இழுக்கும் செம்பு, இரிடியம் கலசம் என்ற பெயரில் வரும் எதுவும் மோசடியே. அதற்குச் சோதனை தேவையில்லை.

ஐந்தாம் படி: சட்டத்தை அறிந்திருத்தல்

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் முதலியன தொல்பொருளாகும். அறிவியல், வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிக்கு 75 ஆண்டு. இவற்றை விற்கும் தொழில் செய்ய உரிமம் வேண்டும். தனியார் இவற்றை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. சிங்கப்பூர், மலேசியாவில் இருந்துகொண்டு பூர்வீக ஊரின் நினைவாக ஒரு பொருள் வாங்க விரும்புவோர் இதை அவசியம் அறிய வேண்டும். ‘நூற்றைம்பது ஆண்டுப் பழமை, வீட்டு வாசலுக்கே அனுப்புகிறேன்’ என்று ஒரே மூச்சில் சொல்பவர் வயதைப் பற்றிப் பொய் சொல்கிறார், அல்லது சட்டத்தை மீற உங்களையும் கூட்டுச் சேர்க்கிறார். பழமையற்ற பொருளானால் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்று பெற்று அனுப்பலாம்.

கோயில் விக்கிரகம், வாகனம், திருவாபரணம் எனத் தோன்றும் எதையும் கேட்காதீர்கள். யானைத் தந்தப் பொருள் ‘தாத்தா காலத்தது’ என்றாலும் அதன் வணிகம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடை செய்யப்பட்டது.

ஆறாம் படி: ஏலம் கேட்கும் முறை

நீங்கள் கொடுக்கக்கூடிய உச்சத் தொகையை ஏலம் தொடங்கும் முன் தாளில் எழுதிவையுங்கள். அதில் வாங்குபவர் கட்டணம், வரி, பொதி கட்டும் செலவு, லாரி வாடகை எல்லாம் அடங்கியிருக்கட்டும். காரைக்குடியிலிருந்து சென்னைக்கு ஒரு தூணை உடையாமல் கொண்டுசெல்லும் செலவு சில சமயம் தூணின் விலையை நெருங்கும். பெரிய தளங்களில் உங்கள் உச்சத் தொகையைப் பதிந்துவிட்டால், எதிராளி ஏற்ற ஏற்றத் தேவையான அளவு மட்டும் தளமே உயர்த்திக் கேட்கும்.

ஆள் வைத்து விலையை ஏற்றுவது பழைய தந்திரம். கேட்டவர்களின் பட்டியலைப் பாருங்கள். மதிப்பீடே இல்லாத ஒரு கணக்கு இந்த விற்பவரின் பொருட்களுக்கு மட்டும் தொடர்ந்து கேட்பதும், சிறு சிறு தொகையாக ஏற்றி மற்றவரின் உச்சத்தைத் தொட்டவுடன் நின்றுவிடுவதும், கடைசியில் கேட்டதைத் திரும்பப் பெறுவதும் அதன் அடையாளங்கள். இதனால்தான் பழகியவர்கள் ஏலம் முடியும் இறுதி நிமிடத்தில் தங்கள் தொகையைப் பதிகிறார்கள். விலையேற்றும் ஆளுக்கு அப்போது நேரம் இருக்காது. நீங்கள் தோற்ற பிறகு ‘எடுத்தவர் பின்வாங்கிவிட்டார், உங்கள் தொகைக்கே தருகிறேன்’ என்று செய்தி வந்தால், அது தளத்தின் உள்ளே முறைப்படி வந்த வாய்ப்பா என்று பாருங்கள். மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ வந்தால் பதில் எழுத வேண்டாம். விற்பவரே அல்லாத மூன்றாம் ஆள்கூட அவ்வாறு எழுதக்கூடும்.

ஏழாம் படி: பணம் செலுத்துதல்

தளத்தின் உள்ளேயே, கடன் அட்டை வழியாகச் செலுத்துவதே பாதுகாப்பில் முதலிடம் பெறும். பொருள் வராதபோது அட்டை வழங்கிய வங்கியிடம் அந்தத் தொகையை எதிர்த்து முறையிடலாம். வெளிநாட்டு விற்பவருக்குப் பேபால் வழியாகச் செலுத்தினால், பணம் செலுத்தியதிலிருந்து 180 நாட்களுக்குள் முறையிட முடியும். ஆனால் ‘நண்பருக்கு அனுப்புவதாகப் போடுங்கள்’ என்று கேட்பவருக்கு அவ்வாறு அனுப்பினால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

யுபிஐ, வங்கிப் பரிமாற்றம் ஆகியவற்றில் அனுப்பிய பணத்தை நீங்களாகத் திரும்ப இழுக்க முடியாது. அவ்வழிகளில்தான் செலுத்தியாக வேண்டும் என்றால், திரையில் தோன்றும் கணக்குப் பெயர் விற்பவரின் பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் பரிமாற்றத்திலும் பெறுபவர் பெயரைச் சரிபார்க்கும் வசதியை வங்கிகள் 2025 ஏப்ரல் முதல் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்திருக்கிறது. ‘தம்பி கணக்கு’, ‘மேனேஜர் கணக்கு’ என்று வேறு பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். பணம் பெறுவதற்கு க்யூஆர் ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் எண் இடவும் வேண்டாம். ‘முன்பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன், ஸ்கேன் செய்யுங்கள்’ என்பவர் எடுக்கத்தான் வருகிறார். முன்பணம் கட்டியபின் பொதி கட்டும் செலவு, காப்பீடு, சுங்கம் என்று ஒவ்வொன்றாகத் தொகை கேட்கத் தொடங்கினால், கட்டியது போகட்டும் என்று விட்டு, மேலும் கட்டாமல் உடனே புகார் செய்யுங்கள்.

எட்டாம் படி: பார்சலைப் பெறுதல்

அனுப்பியதற்கான எண்ணை வாங்கிச் சரிபாருங்கள். விரைவு அஞ்சல் எண் 13 குறிகள் கொண்டது, அஞ்சல் துறை தளத்தில் அதன் பயணம் தெரியும். அதே ஊரிலுள்ள வேறு முகவரிக்கு வெற்றுப் பார்சல் அனுப்பி ‘கொடுக்கப்பட்டது’ என்று காட்டும் மோசடி இருப்பதால், எடையும் பெறுநர் பெயரும் உள்ள ரசீதின் படத்தையும் கேளுங்கள்.

பார்சல் வந்ததும் முகவரிச் சீட்டு, ஒட்டுநாடா, பெட்டியின் ஆறு பக்கம் ஆகியவற்றில் தொடங்கி, பிரித்துப் பொருளை எல்லாப் பக்கமும் காட்டும்வரை இடையில் நிறுத்தாமல் ஒரே காணொளியாக எடுங்கள். பெட்டியையும் கட்டுத்தாளையும் முறையீட்டுக் காலம் முடியும்வரை வைத்திருங்கள். நான்காம் படியில் சொன்ன சோதனைகளை அன்றே செய்துவிடுங்கள். அழகாக இருக்கிறது என்று அலமாரியில் வைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்துக் காந்தத்தை எடுத்தால் காலக்கெடு கடந்திருக்கும்.

ஒன்பதாம் படி: ஏமாற்றப்பட்டால்

பணம் மோசடியாகப் பறிபோனது என்று உணர்ந்த நிமிடமே 1930 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதியுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு இருப்பதால், இதில் மணிக்கணக்கு முக்கியம். மறுநாள் நிலையத்துக்குப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். கூடவே உங்கள் வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பரிமாற்ற எண், கணக்குப் பெயர், உரையாடல் படங்கள், ஏலப் பக்கத்தின் படம் ஆகியவற்றைத் தேதி வரிசையில் சேர்த்துவையுங்கள். விற்பவர் பக்கத்தை நீக்கிவிடுவார் என்பதால் ஏலம் நடக்கும்போதே அதைச் சேமித்திருக்க வேண்டும்.

பொருள் வந்து, அது சொன்னபடி இல்லை என்றால் வழி வேறு. முதலில் தளத்தின் உள்ளே முறையிடுங்கள். இந்தியத் தளமானால் அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்; விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற வணிக விற்பனையாளர் மறுக்கக்கூடாது. பயன் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நீங்கள் வாழும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடர இடம் தருகிறது. காரைக்குடிக்காரர் தில்லி விற்பனையாளர் மீது சிவகங்கையிலேயே மனுச் செய்யலாம். ஐந்து லட்ச ரூபாய் வரையுள்ள கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை, இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம், காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. மறுவிற்பனைக்காக வாங்கிய வியாபாரி இச்சட்டத்தின்கீழ் நுகர்வோர் ஆகமாட்டார் என்பதால், அவருக்கு உரிமையியல் நீதிமன்றமே வழி.

வழக்கு எவ்வாறு சென்றாலும், தளத்தில் உங்கள் மதிப்பீட்டைப் பதிவதை விட்டுவிடாதீர்கள். வசவு இல்லாமல், என்ன சொல்லப்பட்டது, என்ன வந்தது, எந்தச் சோதனையில் அது தெரிந்தது என்று மூன்று வரியில் எழுதி, படம் இணைக்க வசதி இருந்தால் முத்திரையின் படத்தையும் சேர்த்துவிடுங்கள். அடுத்த வாரம் அதே விற்பனையாளரின் பட்டியலைத் திறக்கும் ஒருவர் குறைகளிலிருந்துதான் படிக்கத் தொடங்குவார்.